டில்லியைவிடப் பரவாயில்லை

அன்புள்ள இளமதிக்கு,

‘சமீர்’ செயலியில் டில்லி சிவப்பாகத் தெரிகிறது, பெங்களூரு பச்சையாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் பள்ளியில் காற்று மாசைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். சரியான கேள்வி. அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம் என்று முதலில் பார்த்துவிடலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி, பி.எம். 2.5 என்ற நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 30 மைக்ரோகிராம் வரை இருந்தால் ‘நன்று’, அதற்கு மேல் 60 வரை ‘திருப்திகரம்’. முன்னதற்குக் கரும்பச்சை, பின்னதற்கு இளம்பச்சை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வரம்போ ஒரு நாளைக்கு 15, ஆண்டுச் சராசரிக்கு 5. அந்த நாள் வரம்பைப்போல நான்கு மடங்கு தூசு மிதந்தாலும் உன் கைபேசியின் திரை பச்சை காட்டிக்கொண்டிருக்கும்.

இந்தத் துகள் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியோ சளியோ அதைத் தடுக்காது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய், அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கிறது. காற்று கெட்டால் ஆஸ்துமா மட்டுமில்லாமல் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது இதனால்தான்.

டில்லியோடு ஒப்பிட்டு நிம்மதியடைவது பெங்களூருக்காரர்களின் பழைய பழக்கம். 920 மீட்டர் உயரம், மின்விசிறி தேவைப்படாத இரவுகள் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த ஊர் இது. அந்த நிம்மதியைக் கெடுக்கும் ஓர் ஆய்வு 2024 ஜூலையில் ‘லான்செட் பிளானட்டரி ஹெல்த்’ இதழில் வந்தது. சென்னை, டில்லி, பெங்களூரு உட்பட 10 இந்திய நகரங்களில் 2008 முதல் 2019 வரை பதிவான மரணங்களையும் அன்றன்றைய காற்றையும் பொருத்திப் பார்த்தார்கள். உலக வரம்பைத் தாண்டிய தூசால் பெங்களூரில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2,100 மரணங்கள் என்று கணக்கு வந்தது. இன்னொரு கணக்குதான் யோசிக்க வைப்பது. நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது டில்லியில் மரணம் 0.31 சதவீதம் கூடுகிறது, பெங்களூரில் 3.06 சதவீதம். பத்து நகரங்களில் இதுவே மிக அதிகம். காற்று ஓரளவு சுத்தமாக இருக்கும் இடத்தில் கூடுகிற ஒவ்வொரு பிடித் தூசும் பலமாக அடிக்கிறது. ஏற்கெனவே கெட்டுப்போன இடத்தில் அடி அவ்வளவாகத் தனித்துத் தெரிவதில்லை. வேறு விதமாகச் சொன்னால், பெங்களூரில் தூசைக் கொஞ்சம் குறைத்தாலே நிறையப் பேர் பிழைப்பார்கள்.

உங்கள் அல்சூர் ஏரிக்கரைப் பக்கமே இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. அங்கே லேக்சைடு மருத்துவமனையில் இருந்த குழந்தை நல மருத்துவர் எச். பரமேஷ், 20,000 குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதிவைத்தார். ஆஸ்துமா 1979-ல் 9 சதவீதம், 1999-ல் 29.5 சதவீதம். இது மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளின் கணக்கு, ஊர் முழுவதற்குமானது அல்ல என்பதை உன் கட்டுரையில் மறக்காமல் குறிப்பிடு. அவர் பள்ளிகளிலும் கணக்கெடுத்தார். வாகனங்கள் குறைந்த பகுதிப் பள்ளிகளில் ஆஸ்துமா சுமார் 11 சதவீதம். நெரிசல் மிகுந்த பகுதிகளில் 19. நெரிசலோடு வறுமையும் சேர்ந்த இடங்களில் 31.

அந்த 19-க்கும் 31-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றி ஒரு பத்தியாவது எழுது. கண்ணாடியை ஏற்றிவிட்ட காரில் போகும் பிள்ளையும், ஒற்றை அறை வீட்டிலிருந்து மெயின் ரோட்டோரமாக நடந்து போகும் பிள்ளையும் ஒரே ஊரில் இருந்தாலும் ஒரே காற்றைச் சுவாசிப்பதில்லை.

பருவநிலை மாற்றத்துக்கும் காற்று மாசுக்கும் என்ன சம்பந்தம் என்றால், இரண்டுக்கும் புகைக்குழாய் ஒன்றுதான். டீசல் எரியும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக்கணக்கில் வானத்தில் தங்கிப் பூமியைச் சூடாக்குகிறது. அதே குழாயிலிருந்து வரும் கரியும் வெயிலை உறிஞ்சிச் சூடாக்குகிறது, ஆனால் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் கீழே விழுந்துவிடும். நைட்ரஜன் ஆக்சைடுகள் மற்ற வாயுக்களோடு வெயிலில் வெந்து ஓசோனாக மாறி நெஞ்சை எரிக்கின்றன. சூடு ஏறினால் ஓசோனும் ஏறும். 2024 ஏப்ரல் 28 அன்று பெங்களூரில் 38.5 டிகிரி பதிவானது நினைவிருக்கும். எரிப்பதைக் குறைத்தால் காலநிலைக்குப் பலன் உன் பேரன் காலத்தில் தெரியலாம். நுரையீரலுக்கு அடுத்த மாதமே தெரியும்.

எரிப்பது என்றதும் வாகனம் மட்டும் நினைவுக்கு வரக்கூடாது. பிப்ரவரி, மார்ச்சில் விடியற்காலையில் தெருமுனையைப் பார். மழைமரத்தின் சருகைக் கூட்டிக் குவித்திருப்பார்கள். அதற்குள் பால் பாக்கெட், ஷாம்பூ சாஷே, தெர்மாகோல் துண்டு. ஒரு தீக்குச்சி போதும். ஈரச் சருகு தழல் விடாமல் மணிக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். பெருக்குகிற பௌரகார்மிகரைத் திட்டுவது சுலபம். சருகை அள்ளிப்போக வண்டி வராத தெருவில் அவர் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்? மூலையில் ஒரு சருகுத் தொட்டி இருந்தால் அது மூன்று மாதத்தில் எருவாகிவிடும்.

ஆனாலும் பெரிய சங்கதி சாலைதான். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாகனங்கள் பதிவாகியிருக்கும் ஊர் இது. அவற்றின் புகை ஒரு பக்கம். தோண்டிப்போட்ட சாலையில் டயர்கள் கிளப்பும் மண் மறுபக்கம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்து டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து 10-க்கு இறங்கியது உண்மையிலேயே பெரிய காரியம். மின்சாரக் கார் புகையை ஒழிக்கும். மண்ணைக் கிளப்புவதையும் நெரிசலையும் ஒழிக்காது. ஆகவே பேருந்தும் ரயிலும்தான் வழி. பி.எம்.டி.சி.யில் ஏற்கெனவே ஆயிரத்துக்கும் மேல் மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன; 2025-ல் மத்திய அரசு மேலும் 4,500 ஒதுக்கியது. பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியமின் பூங்கா வைத்திருக்கும் மாநிலத்துக்கு அவற்றை வெயிலிலேயே ஓட்டுவது பொருத்தம்தான். அதே 2025-ல் ஆகஸ்டு 10 அன்று சில்க் போர்டு வழியாக எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் மெட்ரோவின் மஞ்சள் பாதையும் திறந்தது. ஆனால் பிப்ரவரியில் மெட்ரோவின் உச்சக் கட்டணத்தை 60 ரூபாயிலிருந்து 90 ஆக்கியிருந்தார்கள். பயணிகள் குறைந்தார்கள். ரயிலை விட்டவர்களில் பலர் ஸ்கூட்டருக்குத்தானே திரும்பியிருப்பார்கள்? காற்றைச் சுத்தம் செய்யக் கோடிகளை ஒதுக்கிவிட்டு, டிக்கெட்டில் சிக்கனம் பார்ப்பது விசித்திரமான கணக்கு.

பொதுமக்கள் பேசினால் ஒன்றும் நடக்காது என்று உன் அப்பா சொல்வார். ஆனால் 2016-ல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை எஃகு மேம்பாலம் கட்டத் திட்டமிட்டார்கள். 800-க்கும் மேற்பட்ட மரங்கள் போகவிருந்தன. அக்டோபர் 16 அன்று ஆயிரக்கணக்கானோர் ‘ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடா’ என்று கைகோத்து நின்றார்கள். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. வேண்டாம் என்றவர்களில் பலரே 2016 டிசம்பரில் புறநகர் ரயிலுக்காக ‘சுக்கு புக்கு பேக்கு’ (ரயில் வேண்டும்) என்று கேட்டார்கள். அதற்கு 2022-ல்தான் அடிக்கல் விழுந்தது. வேலை இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. இடையில் ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டுக்குச் சுரங்கச்சாலை போடப் புறப்பட்டிருக்கிறார்கள். ரயிலுக்கு வராத அவசரம் காருக்கு மட்டும் வருகிறது.

கட்டுரைக்கு ஒரு யோசனை. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் இன்ஜினை அணைக்காமல் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்று ஒரு வாரம் எண்ணு. ஹெப்பாள், பீன்யா காற்றளவு நிலையங்களின் பி.எம். 2.5 அளவையும் பக்கத்திலேயே குறித்து வை. அந்தத் தாளைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, ‘இங்கே இன்ஜினை அணைக்கவும்’ என்று ஒரு பலகை கேள்.

பாட்டியின் இருமலைப் பற்றியும் எழுதியிருந்தாய். குளிர்காலத்தில் தரையோரக் காற்று மேலே எழ முடியாமல் காலை வெகுநேரம் வரை புகையைப் பிடித்து வைத்திருக்கும். அவருடைய நடையை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளச் சொல். துணி முகக்கவசம் இந்தத் துகளுக்கு உதவாது. என்95 வாங்கிக் கொடு. தீபாவளி வாரம் இன்ஹேலர் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள். தீபாவளி ராத்திரி அவரை மொட்டை மாடிக்கு ஏற விடாதே.

அன்புடன்,
மாமா