படம் பார்க்க பிளேஸ்டேஷன் வேண்டுமா?

அன்பு மருமகனுக்கு,

ஜீவனஹள்ளி வீட்டுக்கு பிளேஸ்டேஷன் 5 வேண்டுமென்று அப்பாவை நச்சரிக்கிறாயாம்; உன் அம்மா சொன்னாள். "கேம் மட்டுமா, வீட்டில் எல்லாரும் படமும் பார்க்கலாமே" என்பது உன் வாதம். அது செல்லுபடியான காலம் ஒன்று இருந்தது.

2000 மார்ச்சில் ஜப்பானில் 39,800 யென்னுக்கு வந்த பிளேஸ்டேஷன் 2-ஐ டிவிடி பார்க்கவென்றே வாங்கியவர்கள் உண்டு. நம் வீடுகளில் அப்போது ஓடியது விசிடி. 2007-ல் மோசர் பேயர் 28 ரூபாய்க்கே படத்தை விசிடியில் விற்றது. அந்த விசிடி பிளேஸ்டேஷன் 2-ல் ஓடாது. சாதாரண பிளேயரில் ஓடும். ஆக, ஜப்பானில் லாபமாக இருந்த பெட்டி இங்கே அந்த வேலைக்கு உதவவில்லை.

பிளேஸ்டேஷன் 3 விஷயம் வேறு. 2006-ல் அமெரிக்காவில் சாம்சங்கின் முதல் ப்ளூ-ரே பிளேயர் 1,000 டாலர். அதே ஆண்டு நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3 அங்கே 499 டாலரிலிருந்து கிடைத்தது. ப்ளூ-ரேயும் ஓடும், கேமும் ஓடும். 2010-ல் வந்த ஒரு அப்டேட்டில் 3டி படமும் ஓடத் தொடங்கியது. அன்று படத்துக்காகவே அதை வாங்கியவர்கள் கெட்டிக்காரர்கள். எக்ஸ்பாக்ஸ் 360-க்காகத் தனியாக எச்டி டிவிடி டிரைவ் வாங்கியவர்களோ, 2008 பிப்ரவரியில் டோஷிபா அந்த வகையையே கைவிட்டதும் ஏமாந்து நின்றார்கள்.

இன்றைக்கு வா. 4கே டிஸ்க்கில் நொடிக்கு 100 மெகாபிட் வரைகூடத் தரவு பாயும். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது 15 மெகாபிட் இணைப்பு. இருட்டுக் காட்சிகளிலும் ஒலியிலும் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் 4கே டிஸ்க்கில் தமிழ்ப் படம் கிடைப்பதே அரிது. சாதாரண ப்ளூ-ரேயில் மண்டலப் பூட்டும் உண்டு: இந்தியா சி, அமெரிக்கா ஏ. அங்கிருந்து பூட்டுப் போட்ட டிஸ்க் வந்தால் இங்கே வாங்கிய பெட்டி அதை ஏற்காது.

உன் வீட்டுக்குப் படம் வருவதெல்லாம் நெட்டில்தான். அதற்கு டிவியில் செருகும் சில ஆயிரம் ரூபாய் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும். ஐந்து வாட் மின்சாரம்கூடத் தேவையில்லை. பிளேஸ்டேஷன் 5 அதே படத்துக்கு ஐம்பது வாட்டைத் தாண்டும். பெஸ்காம் மின்சார பில் இதனால் பெரிதாக ஏறாது. எனக்குக் கவலை பாட்டியைப் பற்றித்தான். படம் ஓடும்போது கேம் கன்ட்ரோலர் சற்று நேரத்தில் தானாக அணைந்துவிடும். நிறுத்த வேண்டுமானால் முதலில் நடு பட்டனை அழுத்தி அதை எழுப்ப வேண்டும், பிறகு இன்னொரு பட்டன். பாட்டிக்கு எதற்கு இந்தச் சிரமம்? ரிமோட்டைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

கேம் விளையாட ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அதையே அப்பாவிடம் நேராகச் சொல், படத்தைச் சாக்காக்காதே. அவர் சம்மதித்தால் டிஸ்க் போடும் மாடலையே வாங்குங்கள், டிஜிட்டல் மாடல் வேண்டாம். அலமாரியில் இருக்கும் ஐங்கரன் நிறுவனத்தின் பட டிவிடிகளாவது ஓடும். ஆடியோ சிடி மட்டும் அதில் ஓடாது.

அன்புடன்,
மாமா