சிவப்புப் பேனா கடைசியில்

நான்காம், ஐந்தாம் வகுப்பில் ‘பொங்கல்’ பற்றி எழுதச் சொன்னால், போகியில் தொடங்கி காணும் பொங்கல் வரை எல்லா நோட்டிலும் ஒரே வரிசை வரும். அந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடந்தது என்பது மட்டும் வராது. எனவே முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். ‘பொங்கலன்று எங்கள் வீட்டில் நடந்த ஒன்று’ போதும்.

உடனே நோட்டை எடுக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் ஐந்து நிமிடம் சொல்லட்டும். பேசுகிற தமிழிலேயே சொல்லட்டும்.

பிறகு ரஃப் நோட்டில், ஒரு வரி விட்டு ஒரு வரி எழுத வேண்டும். ரப்பர் பைக்குள் இருக்கட்டும். எழுத்து சந்தேகமா? தோன்றியபடி எழுதி அடியில் கோடு போட்டுக்கொள்ளலாம். ‘பால் பொங்கிடுச்சு’ என்று எழுதினாலும் இப்போது திருத்த வேண்டாம். ‘பொங்கியது’ என்று மாற்றுவதற்குத் தனி நாள் உண்டு. அன்றும், பாட்டி பேசியதை மேற்கோள் குறிக்குள் பாட்டி பேசியபடியே விட்டுவிடலாம்.

அடுத்ததுதான் முக்கியம், அவசரத்தில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான். எழுதியதை வாசிக்கவைத்து, கேள்வி கேளுங்கள். ‘ஜாலியாக இருந்தது’ என்றால், “எதுடா ஜாலி?” பானை சாய்ந்ததும் தாத்தா துண்டோடு ஓடினார் என்பான். அதை விட்டுவைத்த வரியில் சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளையோடு உட்கார்ந்து எழுத்தைப் பற்றிப் பேசும் இந்த முறையை அமெரிக்கக் கல்வியாளர் டொனால்ட் கிரேவ்ஸ் 1983இல் வெளியிட்ட நூலில் விரிவாகச் சொன்னார். நாற்பது பேர் உள்ள வகுப்பில் எல்லாரோடும் ஒரே நாளில் பேச முடியாது. ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஜோடியாக வாசித்து ஆளுக்கொரு கேள்வி கேட்கட்டும்.

பிழை திருத்தம் இதற்குப் பிறகுதான். ஒரு வாரம் ர, ற மட்டும். மறுவாரம் ல, ழ, ள. ஒற்று மிகும் இடங்களை இந்த வயதில் துரத்த வேண்டாம் என்பது என் கட்சி. நோட்டு முழுக்கச் சிவப்பானால் அடுத்த முறை மூன்றே வரிதான் வரும், அதுவும் தெரிந்த சொற்களாகப் பார்த்து.

எல்லாவற்றையும் நல்ல நோட்டில் எழுத வேண்டியதில்லை. மாதம் ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுத்துப் படி எடுத்து வகுப்பில் வாசிக்கட்டும்.

“எழுத ஒண்ணுமே இல்ல மிஸ்” என்று ஒரு பிள்ளை எப்போதும் இருக்கும். அது சொல்லச் சொல்ல நீங்கள் இரண்டு வரி எழுதுங்கள். மூன்றாவது வரிக்குப் பென்சிலை அதன் கையில் கொடுங்கள்.