பிடி நழுவாமலிருக்க

ஜியு-ஜிட்சுவில் எதிராளியின் இடுப்பைக் கட்டும்போது கைவிரல்களைக் கோத்துக்கொள்ளாதீர்கள். அவர் சட்டென்று உருண்டால் சுளுக்குவது உங்கள் விரல்தான். உள்ளங்கையோடு உள்ளங்கையைப் பொருத்தி, கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒட்டவைத்து இறுக்குங்கள். முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. கை எட்டவில்லையா? நான்கு விரல்களையும் கொக்கிபோல் மடக்கி ஒன்றோடொன்று மாட்டுங்கள்.

தோளை முறுக்கும் கிமுரா பூட்டுக்கு ஒரு கையால் எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து, மறுகையை அவர் மேற்கையைச் சுற்றிக் கொண்டுவந்து உங்கள் மணிக்கட்டையே பற்றுங்கள். 1951இல் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரர் எலியோ கிரேசியை வென்றது இந்தப் பூட்டால்தான்.

எதிராளி அணிந்திருக்கும் ‘கி’ எனும் பயிற்சி உடையின் கைமுனைக்குள் விரல் நுழைப்பது போட்டி விதிப்படி தவறு. வெளிப்புறத் துணியைச் சுருட்டிப் பிடியுங்கள். எந்நேரமும் இறுக்கினால் முன்கை சீக்கிரம் சோர்ந்துவிடும். பயிற்சியில் துணைவர் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டியதும் உடனே விட்டுவிடுங்கள்.