எத்தனை சாம்பல் மை?



கைமாறி வரும் எப்சன் 3880 பிரிண்டரை வாங்கலாமா, பணம் சேர்த்துப் புதிய பி900-க்கே போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அச்சிடப்போவது கறுப்பு வெள்ளை மட்டும்தான் என்கிறீர்கள். அப்படியென்றால் தயாரித்த ஆண்டைவிட, உள்ளே எத்தனை சாம்பல் மை இருக்கிறது என்பதே முக்கியம்.

2002-இல் வந்த எப்சன் 2200-இல் கறுப்போடு ஒரே ஒரு வெளிர்கறுப்பு, அதாவது சாம்பல் மைதான். மீதிச் சாம்பலை வண்ண மைகள் கலந்து ஒப்பேற்றின. அந்தப் படத்தை டியூப்லைட்டில் பார்த்தால் ஒரு நிறம் ஏறும், ஜன்னலோரம் கொண்டுபோனால் வேறு நிறம். பளபளக் காகிதத்தைச் சாய்த்துப் பார்த்தால் நிழல் பகுதியில் செம்பு பூசினாற்போல ஒரு மினுக்கம். 2005-இல் கே3 மைகள் வந்து கறுப்பு, வெளிர்கறுப்பு, அதனினும் வெளிர்கறுப்பு என மூன்று படிகள் ஆயின. கறுப்பு வெள்ளைக்கென்றே தனி அச்சு முறையையும் டிரைவரில் சேர்த்தார்கள். உண்மையான பாய்ச்சல் அதுதான். 2009-இன் 3880-இலும் 2020-இன் பி900-இலும் அதே மூன்று படிகள்தான் இருக்கின்றன. பி900-இல் கூடுதலாக வந்த ஊதா மையால் உங்களுக்கு என்ன லாபம்?

புதியதில் லாபமே இல்லை என்று சொல்லவில்லை. 3880-இல் மேட் காகிதத்துக்கான மேட் கறுப்பும் பளபளக் காகிதத்துக்கான போட்டோ கறுப்பும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. காகிதவகை மாறும்போதெல்லாம் மை வீணாகிப் போகும். பி900-இல் இரண்டுக்கும் தனித்தனி நாசில். பளபளக் காகிதத்தில் அடர்நிழலின் மேல் வெளிர்சாம்பல் மையைப் பூசிக் கறுப்பை இன்னும் ஆழமாக்கும் வசதியும் உண்டு. ஆனால் 3880-இன் கார்ட்ரிட்ஜ் 80 மில்லி, பி900-இன் கார்ட்ரிட்ஜ் 50 மில்லி. இதை மட்டும் பி900 விற்பவர் தானாகச் சொல்லமாட்டார்.

பழையதன் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு, மறைக்கவில்லை. காரணம் இதுதான். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஜான் கோன் உருவாக்கிய பீசோகிராஃபி முறையில் வண்ண மைகளை எடுத்துவிட்டு, எல்லாப் பாதைகளிலும் கார்பன் மையின் வெவ்வேறு அடர்த்திகளை நிரப்புவார்கள். வானத்தின் வெண்மை மேகத்துக்குள் கரைகிற இடத்தில் புள்ளியே தெரியாது. இதற்கு வேறு நிறுவனத்துக் கார்ட்ரிட்ஜ்களை மறுக்காத பழைய எந்திரங்களே தோது. ஆனால் ஒன்று, அப்படி மாற்றிய பிறகு அந்த எந்திரத்தில் வண்ணப்படம் கிடையாது.

அடிக்கடி அச்சிடுபவரா நீங்கள்? இரண்டு மாதத்துக்கு ஒரு படம் என்றால் பழையதைத் தொடாதீர்கள். பிக்மென்ட் மை காய்ந்து ஹெட் அடைத்துக்கொள்ளும். ஹெட்டை மாற்றும் செலவில் பாதி எந்திரமே வாங்கலாம். வாரம் சில படமாவது போடுவேன் என்றால் 3880-ஐ நேரில் போய்ப் பாருங்கள். விற்பவர் எடுத்துவைத்திருக்கும் அழகான படத்தை நம்பாமல், உங்கள் கண்முன்னே நாசில் செக் என்னும் கோட்டுச் சோதனையைப் போடச் சொல்லுங்கள். கோடுகள் விடுபட்டிருந்தால், கிளீனிங் செய்தால் சரியாகிவிடும் என்பார். செய்துகாட்டிய பிறகு விலை பேசுங்கள்.