கார் கதவு கடகடக்கிறதா? டோர் பேட் சத்தத்தை நிறுத்த 20 குறிப்புகள்

வேகத்தடையில் ஏறி இறங்கினால் கதவுக்குள் கடகடவென்று சத்தம். பாட்டுப் போட்டால் ஸ்பீக்கரோடு சேர்ந்து கதவும் அதிர்கிறது. கைப்பிடியைப் பிடித்துக் கதவை இழுத்தால் உள்பக்கப் பிளாஸ்டிக் பலகை தனியாக அசைகிறது. சில வருடங்கள் ஓடிய கார்களில் இது அடிக்கடி வரும் தொல்லை.

மெக்கானிக்குகள் ‘டோர் பேட்’ என்று சொல்லும் அந்தப் பலகையைச் சில ஸ்குரூக்களும், விளிம்பைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளும்தான் இரும்புக் கதவோடு சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடி தளர்ந்தால் சத்தம் வரும்; பிடியைச் சரிசெய்தால் நிற்கும். பஞ்சைத் திணிப்பதும், கம்மைப் பூசி ஒட்டுவதும் சத்தத்தைக் கொஞ்ச நாளைக்கு அமுக்கி வைக்குமே தவிர, அடுத்த முறை கதவைத் திறந்து வேலை பார்ப்பதைப் பெரும்பாடாக்கிவிடும். பொறுமையிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே இதை முடிக்கலாம்.

சத்தம் எங்கே என்று கண்டுபிடிக்க

1. முதலில் கதவுப் பையைக் காலி செய்யுங்கள். தண்ணீர் பாட்டில், சில்லறைக் காசு, பேனா, சாவி எல்லாமே சத்தம் போடும். ஆள் உட்காராத சீட்டின் பெல்ட் தொங்கினால், அதன் இரும்பு நாக்கு நடுத்தூணில் தட்டும். கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கும் மழை வைசரின் டேப் விட்டிருந்தாலும் சத்தம் கதவுக்குள்ளிருந்து வருவதுபோலவே கேட்கும். இவற்றைப் பார்த்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

2. சத்தத்தின் வகையைக் கவனியுங்கள். கடகடவென்று அடித்தால் கிளிப்போ ஸ்குரூவோ தளர்ந்திருக்கும். கிறீச்சென்று தேய்ந்தால் இரண்டு பிளாஸ்டிக் பரப்புகள் உரசுகின்றன. பாட்டு ஓடும்போது மட்டும் ஜிர்ரென்று வந்தால் ஸ்பீக்கர் பக்கம் பாருங்கள். கதவைத் திறக்கும்போது சளக்கென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டால், கதவின் அடியிலுள்ள வடிகால் துளை அடைத்திருக்கிறது என்று பொருள்.

3. வேறொருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். கரடுமுரடான சாலையில் மெதுவாகப் போகும்போது உள்ளங்கையால் டோர் பேடை இடம் இடமாக அழுத்துங்கள். அழுத்தியதும் சத்தம் நின்றால் அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். ஓட்டுபவரே ஒரு கையால் இதைச் செய்யக் கூடாது.

4. வண்டி நிற்கும்போதும் சோதிக்கலாம். கதவைத் திறந்து வைத்து, முஷ்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே விளிம்போரம் வாருங்கள். பிடிப்பு உள்ள இடம் ‘தொம்’ என்று கேட்கும். விட்ட இடம் ‘டப டப’ என்று ஆடும். விளிம்புக்கும் இரும்புக்கும் நடுவே விரல்நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தால், அங்கே கிளிப் போய்விட்டது.

5. கண்ணாடியை முழுக்க ஏற்றி, பாதி இறக்கி, முழுக்க இறக்கி என மூன்று நிலையிலும் ஓட்டிப் பாருங்கள். பாதி இறக்கினால் மட்டும் டொக் டொக்கென்று அடித்தால் டோர் பேட் காரணமில்லை. கண்ணாடி ஓடும் ரப்பர் சேனல் தேய்ந்திருக்கலாம், அல்லது கண்ணாடியைத் தாங்கும் ரெகுலேட்டரின் போல்ட் தளர்ந்திருக்கலாம்.

கழற்றுவதற்கு முன்

6. வாரண்டி இருக்கும் வண்டியில் கை வைக்காதீர்கள். சர்வீஸ் சென்டரில் எந்தக் கதவு, எந்த இடம், எப்போது சத்தம் வருகிறது என்று சொல்லி, அதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் வண்டி கழுவி மட்டும் திரும்பி வரக்கூடும்.

7. ஏர்பேக் விஷயத்தில் கவனம் தேவை. சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார் கதவுக்குள் இருக்கும். சில மாடல்களில் ஏர்பேக்கே கதவில் இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். அப்படி இருந்தால் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது. மற்ற வண்டிகளிலும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

8. கிளிப்பை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கழற்றும்போது நான்கைந்து உடைவது சகஜம். கையில் மாற்று இல்லாவிட்டால் மீதியை வைத்து ஒப்பேற்றத் தோன்றும். துளையின் அளவு வண்டிக்கு வண்டி மாறும், 1 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் பிடிக்காது. எனவே மாடலையும் வருடத்தையும் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் ஒரு பழைய கிளிப்பைக் காட்டியே வாங்குங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் கிடைக்கும்; மற்ற ஊர்களில் கார் உதிரிபாகக் கடைகளில் கேட்கலாம். டோர் பேடே உடைந்திருந்தால் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் அதே மாடல் கிடைக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

9. தேவையான சாமான்கள் குறைவுதான்: ஸ்டார் ஸ்குரூ டிரைவர், 10 மி.மீ. ஸ்பேனர், டார்ச், மாஸ்கிங் டேப், கையுறை, பிளாஸ்டிக் நெம்புகோல். இரும்பு ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும், பிளாஸ்டிக்கில் பள்ளம் விழும். நெம்புகோல் கிடைக்காவிட்டால் பழைய மரக் கரண்டிக் காம்பின் முனையைச் சீவித் துணி சுற்றிப் பயன்படுத்தலாம்.

10. குளிரில் பிளாஸ்டிக் விறைத்துச் சட்டென்று உடையும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள். சமவெளியில் நிழலில் நிறுத்திய வண்டியே போதும். தொட்டால் சுடும் நிலையிலும் வேண்டாம், அப்போது பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

கழற்றும்போது

11. ஒளிந்திருக்கும் ஸ்குரூக்களை முதலில் தேடுங்கள். கதவை இழுக்கும் கைப்பிடிக் குழியின் அடியில், உள்கைப்பிடிக்குப் பின்னால், ஆர்ம்ரெஸ்டின் கீழே, கதவுப் பைக்குள், பக்கவாட்டு மிரர் இருக்கும் முக்கோண மூடிக்குள் என ஸ்குரூக்கள் சின்னச் சின்ன மூடிகளுக்குள் மறைந்திருக்கும். ஒன்றை மறந்துவிட்டு இழுத்தால் பலகை கீறிவிடும். ஒவ்வொரு ஸ்குரூவையும் எங்கே இருந்தது என்று எழுதிய டேப்பில் ஒட்டி வையுங்கள்; நீளம் மாறிப் போட்டால் சில இடங்களில் துருத்திக்கொண்டு வெளியே வரும்.

12. கையால் சுற்றும் கண்ணாடியாக இருந்தால், அந்தக் கைப்பிடியைப் பிடித்திருப்பது லாட வடிவில் உள்ள ஒரு சிறு கம்பிக் கிளிப். கைப்பிடிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பருத்தித் துணியை நுழைத்து, இரு முனைகளையும் பிடித்து, மாறி மாறி இழுங்கள். துணியின் நூல் கம்பியின் முனையில் மாட்டி அதை வெளியே இழுத்துவிடும். கம்பி தெறிக்கும், கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டும்போது கம்பியைக் கைப்பிடியின் காடியில் முதலிலேயே வைத்து, அச்சில் வைத்து ஒரே தட்டுத் தட்டினால் போதும்.

13. பலகையைக் கீழ் மூலையிலிருந்து நெம்பத் தொடங்குங்கள். நெம்புகோலைக் கிளிப்புக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். இரண்டு கிளிப்புக்கு நடுவில் நெம்பினால் விசை பலகை மீது விழுந்து, கிளிப்பைத் தாங்கும் இடம் பிய்ந்துவிடும். எல்லாம் விட்ட பிறகு பலகையை மேல்நோக்கித் தூக்குங்கள். பெரும்பாலான கார்களில் மேல்விளிம்பு கண்ணாடியோரக் காடியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

14. தூக்கியதும் பிடுங்கி எடுக்காதீர்கள். பவர் விண்டோ வயர், ஸ்பீக்கர் வயர், உள்கைப்பிடி கேபிள் எல்லாம் பின்னால் மாட்டியிருக்கும். பலகையை முழங்காலில் தாங்கிக்கொண்டு, மொபைலில் படம் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக விடுவியுங்கள். வயரை இழுக்காமல், கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள்.

உள்ளே பார்க்க வேண்டியவை

15. பலகையைத் திருப்பிப் போடுங்கள். பின்பக்கம் சாவித்துளை வடிவில் சிறு காடிகள் தெரியும். கிளிப்பின் தலை அகலமான பக்கத்தில் நுழைந்து குறுகிய பக்கத்தில் போய் உட்காரும். சில கிளிப்புகள் பலகையோடு வராமல் இரும்புக் கதவிலேயே தங்கியிருக்கும், அவற்றையும் எடுங்கள். தலை வெளுத்த, கால் மடங்கிய, ரப்பர் வளையம் போன கிளிப்புகளை யோசிக்காமல் மாற்றுங்கள். சட்டையில் ஒரு பொத்தான் போனால் பக்கத்துப் பொத்தான் இழுபடுவதுபோல, ஒரு கிளிப் போனால் பக்கத்துக் கிளிப்பும் சீக்கிரம் போகும். மொத்தமாக மாற்றினாலும் பெரிய செலவில்லை.

16. காடியே உடைந்திருந்தால், ஒட்டுவதற்கு முன் பலகையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் குறியைப் பாருங்கள். ‘ஏபிஎஸ்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, அரால்டைட் போன்ற இரண்டு ட்யூப் பசையால் ஒட்டி ஒரு இரவு விடலாம். ‘பிபி’ என்று இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். சாதாரணப் பசை அதில் நிலைக்காது. பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவரிடம் கொடுங்கள். எல்லா வண்டியிலும் ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையைத் தவிருங்கள். காய்ந்தால் விறைத்து, அதிர்வில் விட்டுவிடும். பழைய கார்களின் ரெக்சின் போர்த்திய ஹார்ட்போர்டு பலகை தண்ணீர் குடித்து ஊறியிருந்தால், அதே அளவில் புதுப் பலகை வெட்டுவதே சிக்கனம்.

17. இரும்புக் கதவின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காதீர்கள், கிழிந்திருந்தால் விட்டுவைக்காதீர்கள். மழைத்தண்ணீர் கண்ணாடியோரமாகக் கதவுக்குள் இறங்கி, அடித்துளை வழியாக வெளியேறுவதுதான் எல்லாக் கார்களின் அமைப்பும். அந்தத் தண்ணீர் டோர் பேடுக்கும் வண்டிக்குள்ளும் வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். பியூட்டைல் டேப்பால் திரும்ப ஒட்டுங்கள். அடித்துளைகளை ஒரு குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். இந்தப் பகுதியில் பஞ்சு, ஸ்பாஞ்ச் எதையும் திணிக்கக் கூடாது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக் கதவைத் துருப்பிடிக்க வைக்கும்.

18. டார்ச் அடித்து உள்ளே ஆடும் பொருள்களைக் கையால் அசைத்துப் பாருங்கள். இரும்பு விளிம்பு கத்திபோல் இருக்கும், கையுறை கட்டாயம். லாக் ராடு கதவில் அடித்தால் அதற்கு வயர் சுற்றும் துணி டேப்பைச் சுற்றுங்கள். ராடு தடையில்லாமல் நகர வேண்டும். தொங்கும் கனெக்டரை மெல்லிய ஃபோமில் சுற்றிக் கட்டுங்கள். ஸ்பீக்கர் ஸ்குரூக்களை இறுக்கி, அடியில் ஃபோம் வளையம் வையுங்கள். பலகையும் இரும்பும் உரசிய இடத்தில் பளபளவென்று தேய்ந்த தடம் தெரியும். அங்கே ஃபெல்ட் டேப் ஒட்டினால் கிறீச் சத்தம் நிற்கும். புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான் பசை வேண்டாம். அது காயும்போது வெளிவரும் அமிலம் இரும்பை அரிக்கும்.

திரும்ப மாட்டும்போது

19. கேபிளையும் வயரையும் மாட்டி, பேட்டரியை இணைத்து, கண்ணாடியையும் லாக்கையும் சோதியுங்கள். பிறகு, கதவு திறந்திருக்கும்போதே அதன் ஓரத்திலுள்ள பூட்டு நாக்கை ஸ்குரூ டிரைவரால் அழுத்தி மூடி, உள்கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். நாக்கு ‘டக்’கென்று விடுபட்டால்தான் கேபிள் சரியாக இருக்கிறது. இதைப் பார்க்காமல் கதவைச் சாத்தினால் உள்ளிருந்து திறக்க முடியாமல் போகலாம். அடுத்து மேல்விளிம்பைக் காடியில் தொங்கவிட்டு, ஒவ்வொரு கிளிப்பும் துளைக்கு நேரே இருப்பதைப் பார்த்து, மேலிருந்து கீழாக உள்ளங்கையால் தட்டுங்கள். ஒன்று நுழையாவிட்டால் ஓங்கிக் குத்தாதீர்கள், கால் மடங்கியிருக்கும், கழற்றி நேராக்குங்கள். ஸ்குரூக்களைக் கடைசியில், பிளாஸ்டிக் நொறுங்காத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

20. கதவு ரப்பர் பீடிங்கைத் துடைத்துச் சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். கிரீஸும் மண்ணெண்ணெயும் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். கதவை மூடக் கதவுப் பையைப் பிடித்து இழுக்காமல் கைப்பிடியைப் பயன்படுத்த வீட்டில் எல்லோரையும் பழக்குங்கள். மிஞ்சிய கிளிப்புகளை டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டு வையுங்கள். பவர் விண்டோ, ஸ்பீக்கர், சென்ட்ரல் லாக் என்று எந்த வேலைக்குக் கதவைத் திறந்தாலும், அவசரத்தில் பாதிக் கிளிப்போடு மூடிவிடுவதால்தான் பல கதவுகள் கடகடக்கின்றன. வேலைக்கு விடும்போதே அந்தக் கிளிப் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, “உடைஞ்சதுக்குப் பதில் இதைப் போட்டுடுங்க அண்ணே” என்று சொல்லிவிடுங்கள். வண்டியை எடுக்கும்போது விளிம்பைச் சுற்றி ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.