தண்ணீரைப் பார்த்துக் கோடு போடு

அன்புள்ள கயல்,

துறையூர் சாலையோரத்து மேட்டில் சோலார் போடுவதா, மரம் நடுவதா, மனை பிரிப்பதா என்று வகுப்பில் பெரிய விவாதம் நடந்ததாக எழுதியிருந்தாய். மூன்றும் நல்லதுதானே, அப்புறம் ஏன் சண்டை என்றும் கேட்டிருந்தாய். மூன்றுக்கும் வேண்டியது அதே நாலு ஏக்கர், வேறென்ன!

இதே இழுபறி பெரிய அளவிலும் உண்டு. 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழ்நாடு சட்டம் போட்டது. அங்கே புதிதாக எரிவாயுக் கிணறோ, தாமிர உருக்காலையோ, தோல் பதனிடும் ஆலையோ வரக்கூடாது. ஏற்கெனவே நடப்பவை நடக்கலாம். துறைமுகத்துக்கும் சாலைக்கும் தடையில்லை. நெல்லுக்கும் தொழிலுக்கும் செய்துகொண்ட பேரம் அது. அதில் எனக்குக் குறையில்லை. முதல் அறிவிப்பில் இருந்த திருச்சி, கரூர், அரியலூர் மூன்றும் சட்டத்தில் விடுபட்டதுதான் உறுத்துகிறது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு நம் திருச்சி மாவட்டத்தில் இருக்கிறது. ஆறு இரண்டாகும் இடமே மண்டலத்துக்கு வெளியே!

விடுபட்ட அரியலூரில்தான் கரைவெட்டி ஏரியும் இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும் பாசன ஏரி. 1999-இல் பறவைகள் சரணாலயமானது, 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. சுற்றுவட்டாரத்தில் நெல்லும் விளைகிறது. பருவநிலைக் கணக்குதான் கொஞ்சம் இடிக்கும். வயலில் தண்ணீர் தேங்கியே கிடந்தால் காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் அது குறையும், தண்ணீரும் மிச்சம்.

உங்கள் ஊர் மேட்டுக்கு வருகிறேன். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தில் மரப்பரப்பை 33 சதவீதமாக்க நினைக்கிறது. நல்ல நோக்கம். ஆனால் புல்லும் புதருமாகக் கிடக்கிற மேய்ச்சல் நிலத்தில் நெருக்கி மரம் நட்டால் கௌதாரி எங்கே போகும், ஆடு எங்கே மேயும்? சோலாரை ஆலைக் கூரைகளில் போடட்டுமே. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகள் இருக்கும்போது கூரைக்கா பஞ்சம்? மனைதான் மூன்றிலும் ஆபத்து. வீடு எழும்பிவிட்டால் அந்த மண் திரும்பாது, மழைநீர் ஓடிய தாரையும் மூடிப்போகும்.

எல்லோருக்கும் எட்டும்படி பங்கிடுவதற்கு உங்கள் ஊர்க் கிணறே பாடம். பல்லவன் தந்திவர்மன் காலத்தில், சுமார் 1200 ஆண்டுகளுக்கு முன், கம்பன் அரையன் உங்கள் ஊரில் தோண்டிய ஸ்வஸ்திகக் கிணற்றுக்கு நாலு பக்கமும் படி உண்டு. யார் எந்தப் பக்கம் வந்தாலும் தண்ணீர் எட்டும்.

அரசின் இணையச் சேவையில் அந்த மேட்டின் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்து வை. ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று பென்சிலால் புலப்படத்தின்மேல் வரைந்து அனுப்பு. மனைக்காரர் போட்ட கல் எந்தக் கோட்டின்மேல் நிற்கிறது என்பதையும் குறித்துவிடு.

அன்புடன்,
சித்தப்பா