சூடு காட்டினால் பிழைக்காத கிராபிக்ஸ் கார்டு

வீட்டுக் கணினியில் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் தெறித்தாலோ, சிறு சதுரக் கட்டங்கள் வரிசையாகப் படர்ந்தாலோ, ஓடிவரும் பாத்திரத்தின் தோளிலிருந்து ஒரு முக்கோணம் வானம் வரை நீண்டு நின்றாலோ, வேலூர் வட்டாரத்துக் கணியம்பாடியிலும் கண்ணமங்கலம் சாலையிலுள்ள ஊர்களிலும் உடனே சொல்லப்படும் மருந்து ஒன்றே. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் நன்றாகச் சூடு காட்ட வேண்டும், அப்போது சிப்புக்கு அடியில் விரிசல் விட்ட ஈயம் உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளும், கார்டு பிழைத்துவிடும் என்பதே அந்த மருந்து. கேட்பவர் தயங்கினால், பக்கத்துத் தெருவில் ஒருவருடைய கார்டு அப்படித்தான் பிழைத்தது என்ற சாட்சியமும் கூடவே வரும். பத்தாண்டுகளுக்கு மேலாக மறுக்கப்பட்டும் சாகாத இந்த நம்பிக்கை, பற்றாசைப் பற்றிய அடிப்படை அறிவு சிறிதும் இல்லாதவர்களால் பரப்பப்பட்டு, அதே அறிவு இல்லாதவர்களிடம் காசாக்கப்படுகிறது.

உலோகங்களை ஒட்டப் பயன்படும் கலவையான பற்றாசு, முன்பு வெள்ளீயமும் காரீயமும் கலந்து செய்யப்பட்டதால் 183 டிகிரி செல்சியசில் உருகியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குக் கடுமையான வரம்பு விதித்த பின்னர், உலகச் சந்தைக்கான கார்டுகள் பெரும்பாலும் வெள்ளீயம், வெள்ளி, செம்பு ஆகிய மூன்றும் கலந்த பற்றாசுக்கு மாறின. அது உருகத் தொடங்குவதே 217 டிகிரியில்தான். தொழிற்சாலையில் கார்டு முழுவதும் படிப்படியாகச் சூடேற்றப்பட்டு, உச்சத்தில் ஏறத்தாழ 240 டிகிரியில் சில விநாடிகள் மட்டும் வைக்கப்பட்டு, பிறகு அளவான வேகத்தில் குளிர்விக்கப்படுகிறது. முடி உலர்த்தும் ஹேர் டிரையரால் அந்த வெப்பத்தை எட்டவே முடியாது. ஹீட் கன்னால் எட்ட முடியும், ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு வெப்பம் என்பதைக் கையால் பிடித்துக்கொண்டிருப்பவர் அறிய முடியாது. இணையத்தில் சுற்றும் அடுப்புச் செய்முறைகளில் வழக்கமாகக் கூறப்படுவது 200 டிகிரி, பத்து நிமிடம். அந்த வெப்பத்தில் இன்றைய பற்றாசு உருகுவதே இல்லை. உருகாத ஒன்று மறுபடி ஒட்டிக்கொண்டது என்று சொல்வதற்குப் பெயர் பழுதுபார்ப்பு அன்று.

அப்படியானால் சூடு காட்டிய சில கார்டுகள் உண்மையிலேயே உயிர்பெறுவது எப்படி என்ற கேள்வி நியாயமானது. விடை சிப்பின் உள்ளே இருக்கிறது. கிராபிக்ஸ் சிப் என்று வெளியே தெரிவது ஒற்றைத் துண்டு அன்று. மெல்லிய சிலிக்கான் தகடு, கண்ணுக்குப் புலப்படாத நுண்குமிழ்களின் வழியாக ஒரு சிறிய அடித்தட்டில் பொருத்தப்பட்டு, இடைவெளி பிசினால் நிரப்பப்பட்டு, அந்த அடித்தட்டு பெரிய பற்றாசுக் குண்டுகளின் வழியாகக் கார்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. சிலிக்கானும் அடித்தட்டும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிவதால், ஒவ்வொரு முறை விளையாட்டைத் தொடங்கி நிறுத்தும்போதும் அந்த நுண்குமிழ்கள் இழுபடுகின்றன. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்கான தன் சில சிப்புகளில் பொதியுறைப் பொருள் பலவீனமாக இருந்ததை ஒப்புக்கொண்டு 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியபோது பேசப்பட்டது இந்த உள் இணைப்பைப் பற்றித்தான். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியின் செந்நிற வளையக் கோளாறுக்காக உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் செலவை ஏற்றது. உடைந்தவை தாய்ப்பலகையின் பற்றாசுக் குண்டுகள் அல்ல, சிப்பின் உள்ளேயிருந்த இணைப்புகள் என்று அந்நிறுவனமே 2021இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் விளக்கப்பட்டது. சூடு காட்டும்போது பிசினும் குமிழ்களும் விரிந்து, விரிசலின் இரு முகங்களும் சற்று நேரம் தொட்டுக்கொள்கின்றன, மின்னோட்டம் பாய்கிறது, திரை தெளிகிறது. சில நாள்களிலோ சில வாரங்களிலோ அதே விரிசல் மறுபடி பிரிகிறது. அந்த இடைவேளையைக் காட்டிப் பணம் வாங்குவது, கோடையில் ஒழுகாத கூரையைக் காட்டி ஓடு மாற்றியதாகக் கூலி கேட்பதற்கு ஒப்பானது.

சூடு காட்டுவதால் விளையும் கேடும் சிறிதன்று. கார்டில் உள்ள மின்பகு மின்தேக்கிகள் பல, 105 டிகிரி வரை தொடர்ந்து இயங்குவதற்கு மட்டுமே தரமிடப்பட்டவை. பிளாஸ்டிக் பொதியுறைகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால், முறையான பணிமனைகளில் சிப்பைக் கழற்றும் முன்னர் பல மணி நேரம் 125 டிகிரியில் உலர்த்துவார்கள்; மழைக்காலம் முழுதும் திறந்து கிடந்த கார்டைத் திடீரென்று சூடாக்கினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பொதியுறையைப் பிளந்துவிடும். ரொட்டி சுடும் அடுப்பிலேயே கார்டை வைப்பவர்களின் துணிச்சலைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. அந்த அடுப்பில் அதற்குப் பின் உணவு சமைக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்த விவாதம் முழுவதற்கும் முன்னால் நிற்க வேண்டிய கேள்வி வேறு: பழுது சிப்பில்தானா? மின்சாரம் கொடுத்தவுடன், விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே தோன்றும் பயாஸ் திரையிலும் கோடுகள் தெரிந்தால் டிரைவரையும் விளையாட்டையும் குறை சொல்ல இடமில்லை. இங்கே டிரைவர் எனப்படுவது கார்டுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று கட்டளைகளை மாற்றித் தரும் மென்பொருள். மானிட்டரின் பொத்தானை அழுத்தினால் வரும் அதன் சொந்தப் பட்டியலும் சிதைந்து தெரிந்தால் குறை மானிட்டரில் இருக்கிறது, ஏனெனில் அந்தப் பட்டியலைக் கணினி வரைவதில்லை. சிதைவு கண்ணுக்குத் தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை வேறொரு கைப்பேசியில் பார்த்தால், படத்திலும் சிதைவு இருக்குமாயின் அது சிப், அதன் காட்சி நினைவகம், டிரைவர், விளையாட்டு ஆகியவற்றுள் ஒன்றில் பிறந்தது. படம் சுத்தமாக இருக்குமாயின் கேபிளையோ, அது செருகப்படும் வாயிலையோ, மானிட்டரையோ சந்தேகிக்க வேண்டும். ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் சுவர்கள் கறுத்துத் தெரிந்தால், ஸ்டீமில் அந்த விளையாட்டின் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியே பெரும்பாலும் போதும். படம் கிடைமட்டமாக வெட்டுண்டு மேல்பாதியும் கீழ்ப்பாதியும் நகர்ந்து நிற்பது பழுதே அன்று. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் மானிட்டருக்குக் கார்டு தன் போக்கில் படங்களை அனுப்புவதன் விளைவு அது, வி-சிங்க் என்ற அமைப்பை இயக்கினால் நின்றுவிடும். காசு செலவில்லாத இந்தச் சோதனைகளைச் செய்யாமல் ஹீட் கன்னைக் கையில் எடுப்பவரைச் சர்வீஸ்காரர் என்று அழைப்பது அத்தொழிலைக் கற்றுச் செய்பவர்களுக்கு இழுக்கு.

தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விளையாடுவோர்க்கு, முதலில் சோதிக்க வேண்டும் என்ற இந்த விதி இன்னும் பொருந்தும். அவற்றில் தனிக் கிராபிக்ஸ் கார்டு கிடையாது; செயலியோடு இணைந்த வரைகலைப் பகுதி, கணினியின் பொது ரேமிலிருந்தே தனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே அங்கே புள்ளிகள் தெறித்தால் முதலில் சோதிக்க வேண்டியது ரேம்தான்; மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஓரிரவு ஓடவிட்டால் நினைவகப் பழுது பெரும்பாலும் பிடிபடும்.

மற்ற நம்பிக்கைகள் இவ்வளவு தாள் செலவுக்குத் தகுதியற்றவை. திரைச் சிதைவுக்கு வைரஸ் காரணமாவது மிக அரிது. கத்திரி வெயிலில் வேலூர் வட்டாரம் 40 டிகிரியைத் தாண்டுவதால் கார்டு கெடுகிறது என்பது பாதி உண்மை: வெப்பம் மிஞ்சினால் கார்டு முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், விளையாட்டு தடுமாறும், தூசியைத் துடைத்து விசிறியைச் சரிசெய்தால் பெரும்பாலும் தீரும். 2022 செப்டம்பரில், அதுவரை கிராபிக்ஸ் கார்டுகளால் ஈட்டப்பட்ட எத்தீரியம் மின்நாணயம் அவற்றின் உதவியின்றி இயங்கும் முறைக்கு மாறியபின் சந்தையில் குவிந்த பழைய கார்டுகள் எல்லாமே குப்பை என்பதும் மிகை. விசிறியும் வெப்பப் பட்டைகளும் தேய்ந்திருக்கும், சோதித்து வாங்கலாம். நல்ல பவர் சப்ளை அகன்ற மின்னழுத்த எல்லையைத் தானே சமாளிப்பதால், ஸ்டெபிலைசர் இல்லாததால் திரை சிதைகிறது என்ற வாதமும் நிற்காது.

மின்சாரத்தைக் குறை சொல்பவர்கள் கவனிக்க வேண்டியது ஸ்டெபிலைசரை அன்று, எர்த் இணைப்பை. பவர் சப்ளையின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் இரு சிறு மின்தேக்கிகள் மின்கம்பிகளையும் உலோகப் பெட்டியையும் இணைப்பதால், எர்த் இல்லாத வீட்டில் அந்தப் பெட்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியான 115 வோல்ட்டில் மிதக்கிறது. பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று உணர்வதோடு முடிகிறது. ஆனால் அதே பெட்டியை எச்.டி.எம்.ஐ. கேபிளால் கேபிள் டிவி இணைப்புள்ள தொலைக்காட்சியோடு இணைக்கும் நொடியில் அந்த மின்னழுத்த வேறுபாட்டால் மின்னோட்டம் கேபிள் வழியே பாய்ந்து வாயிலைக் கெடுக்கக்கூடும், பழைய வி.ஜி.ஏ. கேபிளில் திரைமீது மெல்ல ஊர்ந்து நகரும் பட்டைகளாகவும் அது தெரியக்கூடும். மூன்று முள் பிளக்கின் தடித்த முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் துளையில் செருகும் வழக்கத்தை மன்னிக்க ஒரு காரணமும் இல்லை. மலையடிவாரத்தில் பாறை ஏறிய நிலத்தில் தோண்டிய எர்த் குழியின் மின்தடை இயல்பாகவே கூடுதலாக இருக்கும். கோடையில் மண் உலர்ந்தால் இன்னும் ஏறும். அதனால்தான் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கி அவ்வப்போது தண்ணீர் ஊற்றும் பழக்கம் ஏற்பட்டது. நாட்டின் எர்த் இணைப்பு நெறிகளை வகுக்கும் ஐ.எஸ். 3043 தரநிலையும் மண்ணின் ஈரத்தைக் கணக்கில் கொள்கிறது. உரிமம் பெற்ற வயர்மேனிடம் மீட்டரைக் கொடுத்து, கணினி செருகப்படும் துளையில் ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலும் அளக்கச் சொல்லலாம்: முதலாவது 230 வோல்ட்டை ஒட்டியும், இரண்டாவது ஓரிரு வோல்ட்டுக்குள்ளும் வர வேண்டும். வராவிட்டால் குழியைத் திறந்து பார்ப்பது புதிய கார்டைவிட மலிவு.